வீடு வாங்குபவர் கடையில், வீட்டில் இருப்பவர் யார்?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சோற்றுக்கு உட்காரும் நேரம் என் ராத்தாவின் மகன் வந்து சேர்ந்தான். வவுனியா பஜாரில் சிறியதொரு புடவைக்கடை வைத்திருக்கிறான். கல்யாணம் முடித்து ஒன்பது வருடம், மூன்று பிள்ளைகள், இப்போது இருப்பது நான்காவது வாடகை வீடு. முகத்தைப் பார்த்ததுமே ஏதோ பேசிவிட்டு வந்திருக்கிறான் என்று விளங்கிவிட்டது.

"மாமா, ஹொரவப்பொத்தானை வீதிப் பக்கம் ஒழுங்கைக்குள்ள ஆறு பேர்ச்சில ஒரு பழைய வீடு வந்திருக்கு. அறுபத்தைந்து இலட்சம் சொல்றாங்க. கடைக்கு நடந்து அஞ்சு நிமிசம், பள்ளிக்கு மூணு நிமிசம். விட்டா போயிரும். அட்வான்ஸ் குடுக்கட்டா?"

"மனைவிக்கு வீட்டைக் காட்டினாயா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, அவ வந்து என்ன பார்க்கிறது? உறுதியைத்தானே பார்க்கணும்."

இந்தப் பதிலுக்காகத்தான் இந்த வாரப் பத்தியை எழுதுகிறேன். எமது வியாபாரிகளில் பத்தில் எட்டுப் பேர் இதே பதிலைத்தான் சொல்வார்கள். முப்பது வருடங்களுக்கு முன் நானும் இதைத்தான் சொன்னேன்.

வியாபாரி வீடு தேடும்போது கடையை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுகிறார். கடைக்குக் கிட்ட, பள்ளிக்குக் கிட்ட, பஸ் நிலையத்துக்குக் கிட்ட. ஆனால் யோசித்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் கடை திறக்கப் போகிறவர் இரவு ஒன்பதுக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். பகல் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம், அதுவும் வேலைக்காரப் பையன் சாப்பாட்டுக் கரியரை எடுத்துப்போக வராத நாளில். அந்த வீட்டின் தண்ணீரைக் குடிப்பது, அந்த ஒழுங்கையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடப்பது, பக்கத்து வீட்டில் அவசரத்துக்குக் கதவைத் தட்டுவது எல்லாம் மனைவியும் பிள்ளைகளும் வயதான உம்மாவும்தான். வீட்டுக்கான இடத்தை அவர்களுடைய கண்ணால் பார்த்துத் தெரிவுசெய்தால், நான் கண்டவரையில், விலையும் குறைகிறது.

என் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். நாங்கள் முல்லைத்தீவு தண்ணீரூற்றைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு இருபது வயதிருக்கும். உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போனோம். எங்களை விரட்டியது அயலவர் இல்லை, துவக்கோடு வந்தவர்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் பிறகு வரும். தொண்ணூறுகளின் நடுவில் தொழில் தேடி வவுனியாவுக்கு வந்தேன். பாஸ் இல்லாமல் நடமாட முடியாத காலம். ஒரு இரும்புக்கடையில் கணக்கெழுதி, பிறகு சொந்தமாகச் சீமெந்தும் தகரமும் பெயின்ற்றும் விற்கத் தொடங்கினேன். வாடகை வீடுகளில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தேன்.

2002 இல் சமாதான உடன்படிக்கை வந்து ஏ-9 பாதை திறந்தது. யாழ்ப்பாணம் போகிற லொறியெல்லாம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். இனி வவுனியாவில் காணி விலை வானத்துக்குப் போகும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அவசரப்பட்டு ஒரு பேமிட் காணிக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். 2003 இல் ஒன்றரை இலட்சம் என்றால் அது ஒரு லொறிச் சரக்கு. காணியைக் காட்டியவரிடம் கடதாசி இருந்தது. ஆனால் கோவையில் இருந்த பெயர் அவருடையதல்ல, செத்துப்போன பெரியப்பாவுடையது. காசும் போனது, காணியும் இல்லை. 2006 ஓகஸ்டில் பாதையும் மூடிப்போனது.

அந்த அடியில்தான் படித்தேன், உறுதிக் காணி வேறு, அனுமதிப்பத்திரக் காணி வேறு என்று. வவுனியா மாவட்டத்தில் நகரத்தைவிட்டு வெளியே போகப் போக, விலை மலிவாக வருகின்ற காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. "நொத்தாரிசு முன் ஒப்பந்தம் எழுதித் தருகிறேன், அற்றோணித் தத்துவம் தருகிறேன்" என்று சொல்வார்கள். அந்தக் கடதாசியால் காணி உங்களுடையதாகாது. எமது சமூகத்துக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வாப்பா மௌத்தானால் ஃபராயிழ்படி பிள்ளைகளுக்குப் பங்கு பிரியும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அனுமதிப்பத்திரக் காணிக்கு அது செல்லாது. அந்தச் சட்டத்துக்கென்று தனியான வாரிசு ஒழுங்கு உண்டு. பின்னுரித்தாளராக ஒருவரைப் பதிந்திருந்தால் அவருக்குப் போகும், பதியாவிட்டால் சட்டம் சொல்கிற வரிசைப்படி போகும். மூத்தவனுக்கும் இளையவனுக்கும் கோட்டுப்படி ஏறும் சண்டை பல குடும்பங்களில் இதிலிருந்துதான் தொடங்கியது.

ஆள் இல்லாத காணிகளும் அப்படித்தான். சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். இங்கே ஒருவர் "பத்து வருடம் ஆட்சி செய்கிறேன்" என்று விற்க வருவார். யுத்தத்தால் காணியைவிட்டு விலகியிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிடக்கூடாதென்று 2016 இல் ஒரு விசேட சட்டமே கொண்டுவந்தார்கள். நாமும் வடக்கில் காணியை விட்டுவிட்டு வந்தவர்கள். மற்றவனுடைய காணியில் அதே வேலையைச் செய்ய எமக்கு மனம் வரக்கூடாது.

சரி, மருமகனின் கணக்குக்கு வருவோம். சொன்ன விலை 65 இலட்சம். அவன் கையில் 45 இருக்கிறதாம். அதை எப்படிச் சேர்த்தாய் என்று துருவினேன். சீட்டுக் காசும் மனைவியின் நகையும் சேமிப்புமாக 25. மீதி 20 கடையில் சுற்றுகின்ற காசு, அதாவது பெருநாள் சரக்கு எடுக்க வேண்டிய காசு. இன்னும் 20 வங்கிக் கடன். முத்திரைத் தீர்வை கணக்கிலேயே இல்லை. முதல் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு 4. 65 இலட்சத்துக்கு 2 இலட்சத்து 59 ஆயிரம் ரூபாய். நொத்தாரிசு கட்டணம் வேறு, பழைய வீட்டின் கூரை வேறு.

"அப்படியென்றால் உன்னுடைய பட்ஜெட் இருபத்தைந்துதான்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

கடை முதலை வீட்டுச் சுவருக்குள் புதைக்காதீர்கள் என்று நான் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். 2022ஐ அவர்கள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 2021 இன் நடுப்பகுதியில் ஆயிரம் ரூபாயளவில் விற்ற சீமெந்துப் பையை அடுத்த வருடம் அதே மாதத்தில் மூவாயிரம் ரூபாயளவில் விற்றேன். அறுபது நாள், தொண்ணூறு நாள் செக்குக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த புறக்கோட்டை மொத்த வியாபாரிகள், காசைக் கண்டால்தான் லொறியில் ஏற்றுவோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் அதே நிலை. அந்த வருடம் கையில் சுற்றுக்காசு இருந்தவன் சிறிய கடையானாலும் தப்பினான். 2019இலும் 2020இலும் கடை முதலை எடுத்து மாடி வீடு கட்டிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். வீடு இருக்கிறது. கடைகளில் இப்போது வேறு பெயர்ப்பலகை.

கடனைப் பற்றியும் ஒரு சொல். வட்டி ஹராம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, நான் ஓதிக்காட்டத் தேவையில்லை. வியாபாரக் கண்ணால் மட்டும் பார்த்தாலும், மாறும் வட்டிக் கடனுக்கு 2022 ஏப்ரல் 8ஆம் திகதி என்ன நடந்தது? மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. மாதத் தவணை எங்கே போய் நின்றிருக்கும்? 2011 முதல் அமானா வங்கி நாட்டில் இயங்குகிறது. குறைந்து செல்லும் முஷாரக்கா முறையில், வங்கியும் நீங்களும் கூட்டாக வாங்கி, வங்கியின் பங்கை நீங்கள் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதிலும் மாதத் தவணை உண்டு, காணிக்குத் தெளிந்த உறுதியும் வேண்டும். ஹலால் என்பதற்காகக் கட்ட முடியாத தவணை கட்ட முடிந்ததாகிவிடாது.

இனி இடம். வவுனியாவைத் தெரியாத வாசகர்கள் தங்கள் ஊருக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

பஜாரைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் வீடு என்றால் வியாபாரிக்கு வசதிதான். ஆனால் அங்கே நீங்கள் கொடுப்பது வீட்டு விலையல்ல, கடை விலை. நாளைக்குக் களஞ்சியமாகும், லொட்ஜாகும் என்ற எண்ணத்தில் கேட்கிற விலை. வீடாக மட்டும் பாவிக்கப்போகிறவர் ஏன் அதைக் கொடுக்க வேண்டும்? அத்தோடு நகர அபிவிருத்திப் பிரதேசத்தில் கட்டடக் காணி பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. மருமகன் பார்த்தது சரியாக 6 பேர்ச். அதைப் பிறகு பிள்ளைகளுக்குப் பிரிக்க வழியே இல்லை. பெண்பிள்ளைகளுக்கு வீடு கொடுத்தாக வேண்டுமென்ற எமது வழக்கம் சரியா பிழையா என்பது வேறொரு வாரத்துக்குரிய சண்டை. வழக்கம் இருக்கும்வரை காணியின் அளவையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வைரவபுளியங்குளம், குருமன்காடு பக்கம் நல்ல குடியிருப்புகள். புகையிரத நிலையம் கிட்ட, ரியூசன் வகுப்புகள் நிறைய. உத்தியோகத்தர்கள் விரும்புகிற இடம், விலையும் அதற்கேற்ப.

பட்டாணிச்சூர் எமது மக்கள் நெருங்கி வாழும் இடம். பள்ளிவாசல், மதரஸா, முஸ்லிம் மகா வித்தியாலயம் எல்லாம் உண்டு. பிள்ளைகளோடு இருக்கும் தாய்மாருக்கு அது பெரிய நிம்மதி, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அந்தச் சில ஒழுங்கைகளுக்குள்ளேயே தேடுவதால் துண்டு துண்டாகப் பிரிந்த காணிக்கும் பெரிய விலை கேட்கிறார்கள். ஓட்டோ திரும்ப இடமில்லாத காணிக்குப் பெருநாள் விலை! ஜனாஸா வந்தால் சந்தூக்கை எப்படித் திருப்பப் போகிறார்கள் என்று யோசித்தவர் எத்தனை பேர்?

அதே மன்னார் வீதியில் இன்னும் சற்றுத் தள்ளி வேப்பங்குளம், நெளுக்குளம் பக்கம் பாருங்கள். பட்டாணிச்சூர்ப் பள்ளிக்கும் பாடசாலைக்கும் சைக்கிள் தூரம். வீதியில் பஸ் ஓடுகிறது. பம்பைமடுவில் இருக்கும் வளாகம் 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகியது முதல் அந்த வீதிக்கு ஒரு உயிர் வந்திருக்கிறது. அயலில் கூடுதலாகத் தமிழ்ச் சகோதரர்கள். "நம்முடைய ஆட்கள் இல்லையே" என்று தயங்குபவர்களுக்காகத்தான் 1990ஐ மேலே சொன்னேன். வீட்டுக்கு முன் அயலவரைப் பார் என்று அரபியில் ஒரு பேச்சு உண்டு. அதில் அயலவர் எந்த இனம் என்று சொல்லவில்லை. 2013 இல் நான் வாங்கியது வேப்பங்குளம் பக்கம்தான், 12 பேர்ச். உம்மா மௌத்தான இரவு முதலில் வந்து கதிரைகளை இறக்கியது பக்கத்து வீட்டு ஆசிரியரும் அவருடைய மகனும்.

இன்னும் தள்ளிப்போனால் சாளம்பைக்குளம். மீள்குடியேறிய எமது மக்களின் ஊர். காணி தாராளம், ஆனால் நகரத்துக் குப்பையைப் பம்பைமடுவில் கொட்டுவதை எதிர்த்து அந்த மக்கள் வீதியில் இறங்கி நின்றதை மறக்கக்கூடாது. வாங்க முன் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதென்று ஒரு மாலை நேரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மேலே எழுதிய பெயர்களைத் திரும்ப வாசியுங்கள். வைரவபுளியங்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம். இன்னும் பண்டாரிகுளம், கூமாங்குளம், கோவில்குளம், இறம்பைக்குளம், தாண்டிக்குளம். வவுனியாவில் ஊருக்கு ஊர் குளம். அணைக்கட்டுக்குக் கீழே வயல், வயலுக்குப் பக்கத்தில் மேட்டில் ஊர் என்றுதான் பழைய ஆட்கள் இருந்தார்கள். இன்று மலிவாக வருகிற துண்டுகள் பல அந்த வயலும் அலைகரையும் வாய்க்கால் ஒதுக்கீடும்தான். வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். கிறவல் பத்து லோட் கொட்டி மட்டப்படுத்திவிட்டால் சட்டத்தை மறைக்கலாம், தண்ணீரை மறைக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வன்னிக் குளங்கள் நிரம்பி வான் பாய்ந்ததைப் பார்த்தோம். காணி பார்க்கப் போகிறவர் அயல் வீட்டில் ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்த மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று. பெயின்ற் விற்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். முழங்கால் உயரம்வரை மட்டும் புதிதாகப் பெயின்ற் அடித்த சுவரைக் கண்டால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள்.

அதைவிடப் பெரியது குடிதண்ணீர். நான் அந்தக் காணியைப் பார்க்கப் போனபோது மனைவியையும் கூட்டிப்போனேன், முந்தைய அடியின் புத்தி. நான் உறுதியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கிணற்றடிக்குப் போய் ஒரு கான் தண்ணீர் அள்ளி எடுத்துக்கொண்டார். வீட்டில் அந்தத் தண்ணீரில் பருப்பு அவித்தார், தேநீர் ஊற்றினார். கல்சியம் கூடிய தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது, கேத்தலில் வெள்ளை படியும். இந்தச் சோதனையில் அதற்கு முன் பார்த்த இரண்டு காணிகள் தோற்றுப்போயிருந்தன. இது வென்றது. ஆய்வுகூடத்தில் கொடுத்தும் பார்த்தோம், ஏனென்றால் புளோரைட்டைப் பருப்பு காட்டாது. வவுனியா மாவட்டத்திலும் சிறுநீரக நோய் பல குடும்பங்களைச் சாய்த்திருக்கிறது. பேராற்றை மறித்து ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைத்த நீர்த்தேக்கத்தின் குழாய்நீர் உங்கள் ஒழுங்கைக்கு வருகிறதா என்று நீர்வழங்கல் சபையில் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். குழாயும் இல்லை, கிணறும் சரியில்லை என்றால், மாதம் மாதம் வாங்கப்போகிற போத்தல் தண்ணீரின் காசைப் பத்து வருடத்துக்குப் பெருக்கிக் காணி விலையோடு கூட்டுங்கள். மலிவுக் காணி மலிவில்லை என்பது கணக்கில் வந்துவிடும்.

தரகர் சொல்கிற இன்னொரு வசனம், "இந்தப் பக்கம் பெரிய திட்டம் வருகிறது." 2016 இல் பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று மாகாண சபையே இரண்டுபட்டு நின்றது. இரண்டு பக்கமும் காணி வாங்கியவர்கள் இருந்தார்கள். கடைசியில் கட்டியது மதவுவைத்தகுளத்தில். கட்டி முடித்தும் வருடக்கணக்கில் திறக்காமல் பூட்டிக் கிடந்தது. அதேபோல 2009க்குப் பிறகு மெனிக்பாம் முகாம் காலத்தில் தொண்டு நிறுவனங்கள் கொடுத்த வாடகையை நம்பி மேல்மாடி கட்டியவர்கள், 2012 செப்டெம்பரில் முகாம் மூடியதும் வாடகைக்கு ஆள் தேடினார்கள். வருமென்று சொல்கிற திட்டத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், இருக்கிற வீதிக்குக் கொடுங்கள்.

முல்லைத்தீவுக்கோ கிளிநொச்சிக்கோ திரும்பிய சகோதரர்கள் சிலர், புத்தளத்தில் ஒரு வீடு, சொந்த ஊரில் ஒரு வீடு, வவுனியாவில் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு வீடு என்று மூன்றாக நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் புத்தி சொல்லத் துணியமாட்டேன். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்களோ அங்கே ஒன்றை முழுமையாக்குங்கள் என்று மட்டும் கேட்கிறேன். தண்ணீரூற்றில் எங்கள் வாப்பாவின் காணியில் இன்னும் தென்னை நிற்கிறது. அதை விற்க எனக்கும் மனமில்லை.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். வாடகை வீட்டிலேயே இரு. கடை முதலில் கைவைக்காதே. 25 இலட்சத்துக்குள் மன்னார் வீதிப் பக்கம் உறுதிக் காணியாக 10 பேர்ச், 12 பேர்ச் வெறுங்காணி பார். நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடச் சொல், கூட்டு உரித்தாளர் இருந்தால் தேசவழமையின் முன்வாங்கும் உரிமையையும் விசாரிக்கச் சொல். மிஞ்சுகிற காசில் கிணறும் வேலியும். வீடு பிறகு, இரண்டு அறையாகத் தொடங்கு. சீமெந்து என்னிடம் எடு, இலாபம் வைக்கமாட்டேன்.

கோபித்துக்கொண்டுதான் போனான். நான்கு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்தான். நெளுக்குளம் பக்கம் ஒரு காணி வந்திருக்கிறதாம், 11 பேர்ச். "உறுதி பார்த்தாச்சு மாமா. வாற வெள்ளி அவவும் வாறா. மாமியையும் கூட்டிட்டு வாங்க, கிணற்றுத் தண்ணியைப் பார்க்கணும்."

கானைக் கழுவி வைத்திருக்கிறார் என் மனைவி.